வாசலுக்கு வருகிறவர்கள் இன்னும் இரண்டு கேள்வி கேட்கட்டும்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறைக்கு,

வணக்கம்.

காவிரிப் பாசனப் பகுதியில், ஒரு சிற்றூர்க் கடைத்தெருவில் மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநர் நான். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடர்பாக உங்கள் முன் ஒரு கோரிக்கையை வைக்கவே இந்த மடல். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. அதற்கு முன், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்க முடியாமல், மாதக்கணக்கில் சர்க்கரை மாத்திரை இல்லாமலே காலம் தள்ளியவர்களை எனக்குத் தெரியும். இன்று அவர்கள் வாசலுக்கே மாத்திரை வருகிறது. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தபோது, அது தகுதியானவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்றே மகிழ்ந்தேன்.

ஆகவே புதிய திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. இருக்கிற திட்டத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்க்கச் சொல்கிறேன். வீட்டுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரையைக் கையில் கொடுத்த பிறகு, "இதைத் தவிர வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். "தினமும் எங்கே, எப்போது நடக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். இரண்டு பதிலையும் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்வி ஏன் என்பதைச் சொல்கிறேன். சென்ற மழைக்காலத்தில் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா கடைக்கு வந்து, முந்தானையில் சுற்றி வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றை மேசைமேல் வைத்தார். முன்பக்கம் பச்சை இலை, பாகற்காய், நாவல்பழம் ஆகியவற்றின் படம். '100 சதவீதம் இயற்கை' என்ற வரி மட்டும் தமிழில், பெரிய எழுத்தில். பின்பக்கம் முழுக்க ஆங்கிலம். கண்ணாடி போட்டிருந்தும் எனக்கே படிக்கச் சிரமமான பொடி எழுத்து. சிறுகுறிஞ்சான் சாறு இத்தனை மில்லிகிராம், வெந்தயச் சாறு இத்தனை, லவங்கப்பட்டை இத்தனை, மிளகிலிருந்து எடுத்த பைப்பரின் இத்தனை. அதற்கும் கீழே, 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஒரு வரி. அந்த வரியைத் தமிழில் சொன்னேன்.

"அப்படியானால் சர்க்கரைக்கு என்று சொல்லி ஏன் தம்பி விற்கிறார்கள்?" என்று கேட்டார்.

டப்பாவின் விலை ஆயிரத்துச் சொச்சம். மகன் வாங்கி அனுப்பியது. அதைச் சாப்பிடத் தொடங்கிய நாளிலிருந்து, தன்னார்வலர் கொடுத்துவிட்டுப் போகும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையின் அட்டைகள் பிரிக்கப்படாமலே அவர் வீட்டு அலமாரியில் சேர்ந்துகொண்டிருந்தன. தன்னார்வலருக்கு இது தெரியாது. அவர் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. பதிவேட்டைப் பொறுத்தவரை அந்த அம்மா மாதந்தவறாமல் மாத்திரை வாங்கும் நோயாளி. சர்க்கரை ஏறியிருப்பதைப் பார்க்கும் மருத்துவர், மாத்திரை வேலை செய்யவில்லை என்று எண்ணி அளவைக் கூட்டுவார். இல்லாத ஒரு சிகிச்சையின் தோல்விக்கு மருந்து எழுதுகிற நிலை இது.

இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களின் ஆபத்து வேறு வகை. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. அதை விழுங்கிவிட்டு ஒரு வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டாலே சர்க்கரை சட்டென்று இறங்கிவிடக்கூடும். சிறுகுறிஞ்சான் பொடியும் பாகற்காய்ச் சாறும் கூடவே உள்ளே போனால், நடவு வயலில் வேர்த்து விறுவிறுத்து, கண் இருட்டிக் கீழே விழுவதற்கு அதிக நேரம் ஆகாது. வெயில் தாங்காமல் மயங்கினார் என்று சொல்லி மோர் கொடுத்து உட்காரவைப்பார்கள். காரணம் யாருக்கும் தெரியாமலே போகும். அடுத்த வாரம் மறுபடியும் நடக்கும்.

மூலிகை என்று எழுதிய டப்பாவில் மூலிகை மட்டும்தான் இருக்கிறது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2007 முதல் 2016 வரையிலான காலத்தில், அறிவிக்காத மருந்து கலந்தவை என்று 776 துணை உணவுப் பொருள்களை அடையாளம் காட்டியது. எடையைக் குறைப்பதாக விற்றவற்றில் பெரும்பாலும் சிபுட்ராமின் கலந்திருந்தது. இதயத்துக்குக் கேடு என்று 2010-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது.

இவ்வளவும் சொல்வதால் நான் மூலிகைகளுக்கு எதிரி என்று எண்ண வேண்டாம். உங்கள் துறை கொடுக்கும் மெட்ஃபார்மினின் வேரே ஒரு செடியில்தான் இருக்கிறது. ஐரோப்பாவில் நாட்டு மருந்தாகப் புழங்கிய கலேகா என்ற செடியில் சர்க்கரையைக் குறைக்கும் பொருள் இருந்தது. அதே செடியை மேய்ந்து ஆடுகள் செத்ததும் உண்டு. அந்தப் பொருளின் குடும்பத்திலிருந்து நச்சு குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பாரிஸில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் நோயாளிகளிடம் சோதித்து 1957-இல் முடிவுகளை வெளியிட்டார். செடியாக இருந்தது, அளவு தெரிந்த, பக்கவிளைவு தெரிந்த, ஏழையும் வாங்கக்கூடிய மாத்திரையாக ஆனது. நம் மூலிகைகளுக்கும் அந்த வழியைத் திறந்துவிடுங்கள் என்பதுதான் என் கட்சி.

சிறுகுறிஞ்சானையே எடுத்துக்கொள்ளுங்கள். இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையை வாயில் போட்டால் இனிப்பே தெரியாது, மணலை மெல்வதுபோல் இருக்கும். எங்கள் பக்கத்து வேலிகளில் படர்ந்து கிடக்கும் கொடி. 1990-இல் சென்னை ஆய்வாளர்கள், ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுவந்த 22 இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகளுக்கு, மாத்திரையோடு அந்த இலைச்சாற்றை நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் கொடுத்தார்கள். அவர்களில் 5 பேரால் மாத்திரையை நிறுத்திவிட முடிந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் 22 பேர் மட்டுமே. குலுக்கல் முறையில் பிரித்த ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. அந்த 22 பேரின் பெயரால்தான் இன்றுவரை டப்பாக்கள் விற்கின்றன. சென்னையில் தொடங்கிய வேலையைச் சென்னையே முடிக்க வேண்டாமா? தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வாசல்தோறும் சர்க்கரை பார்க்கும் உங்கள் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். இவற்றை இணைத்து, ஒரே தரத்தில் தயாரித்த மருந்தைச் சில ஆயிரம் பேரிடம் முறையாகச் சோதிக்கும் வசதி இந்தியாவில் வேறு எந்த மாநிலத்துக்கும் இவ்வளவு எளிதாகக் கிட்டாது. பலன் இருந்தால் அரசே மலிவாகத் தரட்டும். இல்லையென்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடட்டும்.

மஞ்சளின் கதையும் இப்படித்தான். தாய்லாந்தில் 2012-இல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 240 பேரில் பாதிப் பேருக்கு, மஞ்சளின் சத்தான குர்குமின் கேப்சூலும் மீதிப் பேருக்கு வெற்றுக் கேப்சூலும் கொடுத்தார்கள். 9 மாத முடிவில் வெற்றுக் கேப்சூல் குழுவில் 16.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. குர்குமின் குழுவில் ஒருவருக்கும் வரவில்லை. இவ்வளவு அழகான முடிவை வேறு ஊர்களிலும் செய்து பார்க்காமல் நான் நம்பமாட்டேன். விற்பனைப் பிரதிநிதிகளுக்கு அந்தத் தயக்கம் இல்லை. இந்த எண்ணைத்தான் என் மேசையில் அச்சிட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் காட்டாத இன்னொரு தாள் உண்டு. அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் ஆய்வு வலையமைப்பு, மஞ்சள் துணை உணவால் கல்லீரல் பழுதான 10 பேரைப் பற்றி 2022-இல் எழுதியது. ஒருவர் இறந்துபோனார். சிலர் சாப்பிட்டது மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள். மஞ்சளோடு மிளகுச் சத்தைச் சேர்த்தால் குர்குமின் உடலில் ஏறுவது பல மடங்கு கூடும் என்று 1998-இலேயே பெங்களூர் ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். அதே காரணத்துக்காகத்தான் கம்பெனிகள் அதைச் சேர்க்கின்றன. சாம்பாரில் போடும் அரைத் தேக்கரண்டி மஞ்சளுக்கும், சத்தைப் பிழிந்து செறிவாக்கி மிளகுச் சத்தோடு அடைத்த கேப்சூலுக்கும் பெயர் மட்டுமே ஒன்று. "காலங்காலமாகச் சாப்பிடுவதுதானே" என்ற வாதம் குழம்புக்குப் பொருந்தும், கேப்சூலுக்குப் பொருந்தாது. பச்சைத் தேயிலைச் சத்தும் அப்படியே. ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ, அதிலுள்ள ஈஜிசிஜி என்ற பொருள் துணை உணவாக உள்ளே போனால், கல்லீரல் பாதிப்பைக் காட்டும் நொதிகள் இரத்தத்தில் உயர்கின்றன என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது.

குமரி மாவட்டத்தில் மீன்குழம்புக்குப் போடும் குடம்புளியை, எடை குறைக்கும் கேப்சூலாக உலகம் முழுக்க விற்றார்கள். 1998-இல் பருமனான 135 பேரிடம் 12 வாரம் சோதித்தபோது குடம்புளிக் குழு 3.2 கிலோவும், வெற்றுக் கேப்சூல் குழு 4.1 கிலோவும் குறைந்தன. இரு குழுவுக்கும் ஒரே உணவுக் கட்டுப்பாடு. எடையைக் குறைத்தது அந்தக் கட்டுப்பாடுதான். அந்த முடிவு வந்து இத்தனை ஆண்டு கழித்தும் அதே கேப்சூலைக் கேட்டு என் கடைக்கு இளைஞர்கள் வருகிறார்கள்.

மூலிகையால் நல்லது நடக்காவிட்டாலும் கெடுதல் இல்லையே, நடைக்குத் துணையாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று உங்கள் அதிகாரிகளில் சிலரும் நினைக்கலாம். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் செய்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு அந்த நினைப்பை அசைத்தது. 65 வயதை ஒட்டிய 27 ஆண்களுக்கு 8 வாரம் கடுமையான உடற்பயிற்சி. பாதிப் பேருக்கு, திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வரட்ரால் தினமும் 250 மில்லிகிராம். மற்றவர்களுக்கு வெற்று மாத்திரை. பயிற்சியால் மூச்சுத் திறன் கூடியதும், கெட்ட கொழுப்புக் குறைந்ததும் வெற்று மாத்திரைக் குழுவில்தான் நன்றாகத் தெரிந்தது. மாத்திரை சாப்பிட்டவர்கள் அதே வேர்வையைச் சிந்தியும் குறைவாகவே பெற்றார்கள். சிறிய ஆய்வுதான். உடற்பயிற்சியோடு எதைச் சேர்த்தாலும் கூட்டல் கணக்கே வரும் என்று எண்ணக் கூடாது என்பதற்கு அது போதும்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு ஆதங்கம் அதிகம்.

நடையின் பலனுக்குச் சான்று தேடி நாம் டென்மார்க்குக்கோ தாய்லாந்துக்கோ போக வேண்டாம். சென்னையில், மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளியானது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேர், 3 ஆண்டுகள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவை மாற்றி, தினமும் அரை மணி நேரம் வேகமாக நடக்கச் சொன்ன குழுவில் 39.3 சதவீதம். மெட்ஃபார்மின் குழுவில் 40.5. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் பலன் எதுவும் இல்லை. இந்த எண்களைவிட என்னை அதிகம் தொட்டது வேறொன்று: நடந்தவர்களின் எடை குறையவே இல்லை, ஆனாலும் நோய் தள்ளிப்போனது. இரண்டு மாதம் நடந்துவிட்டு, எடைமெஷினில் ஏறிப் பார்த்து, "ஒரு கிலோகூட இறங்கவில்லை" என்று மனம்விட்டு நடையை நிறுத்தி, கேப்சூலுக்கு மாறிய எத்தனையோ பேரிடம் இதைச் சொல்ல யாரும் இல்லை.

வேலை செய்யும் தசை, இன்சுலின் சரியாக இயங்காத உடலிலும், இரத்தத்திலுள்ள குளுக்கோஸைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் வரை அந்தத் தசை இன்சுலினுக்கு நன்றாக இணங்கும். பிறகு பழையபடி ஆகிவிடும். அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடப்பவரைவிட, நாள் தவறாமல் அரை மணி நடப்பவருக்கு இந்த வகையில் லாபம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் 2016-இல் இன்னும் எளிய ஒன்றைக் காட்டியது. நீரிழிவுள்ள 41 பேரை, நாளில் எப்போதாவது ஒரே மூச்சில் 30 நிமிடம் நடக்கச் சொல்வதற்குப் பதில், ஒவ்வொரு வேளை சாப்பிட்ட பிறகும் 10 நிமிடம் நடக்கச் சொன்னார்கள். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை 12 சதவீதம் குறைந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் பார்த்தால் 22 சதவீதம். இரவு ஒன்பதுக்குச் சோறோ தோசையோ சாப்பிட்டுவிட்டு அப்படியே தொலைக்காட்சி முன் உட்காரும் நம் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை எனக்குத் தெரிந்து இல்லை. பத்து நிமிடம், வாசலிலிருந்து தெருமுனைக் கோயில் வரை போய்வரும் தூரம்.

இவ்வளவு தெரிந்தும் நடை ஏன் பரவவில்லை? அதை விற்க ஆள் இல்லை. என் கடைக்கு வாராவாரம் வரும் பிரதிநிதிகளில், நடையைப் பற்றிப் பேச ஒருவருக்கும் சம்பளம் கொடுக்கவில்லை. ஒரு கேப்சூல் டப்பாவில் கடைக்காரருக்குக் கிடைக்கும் லாபம், ஒரு மாதத்து மெட்ஃபார்மின் அட்டைகளில் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம். தொலைக்காட்சியில் அரை மணி நேரம் விலைக்கு வாங்கி விளம்பரம் செய்ய அந்த லாபம் இடம் கொடுக்கிறது. நடைக்கு அப்படி ஒரு லாபம் கிடையாது. ஆகவே நடையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை அரசு செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யமாட்டார்கள்.

நீங்கள் தொடங்காமல் இல்லை. 2023 நவம்பர் 4 அன்று 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அறிவித்தீர்கள். நல்ல காரியம். ஆனால் எங்கள் ஊர்க்காரர் அங்கே போய் நடக்க வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பிள்ளைக்குச் சோறு கட்டிக்கொடுத்து, எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பும் பெண்ணுக்கு அந்தப் பாதை இருந்தும் இல்லாததுதான்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். "தினமும் நடங்கள்" என்று மருத்துவர் எழுதித் தந்த சீட்டோடு வருகிற பெண்களிடம் எங்கே நடப்பீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். மெயின் ரோட்டில் லாரிகள். வாய்க்கால் கரையில் விளக்கில்லை. தெருவில் நாய்த் தொல்லை. இவை எல்லாவற்றையும்விட, வேலை எதுவுமின்றி ஒரு பெண் சும்மா நடந்து போனால் ஊர் பார்க்கும் பார்வை. 2013-இல் மருத்துவர் ராமச்சந்திரன் குழு, கைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பி வாழ்க்கைமுறையை மாற்றத் தூண்டியே 537 பேரிடையே நீரிழிவு வருவதை 27 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைத்துக் காட்டியது. மகத்தான வேலை. ஆனால் அந்த 537 பேரும் ஆண்கள், அதுவும் வேலைக்குப் போகும் ஆண்கள். பெண்களுக்குச் செய்தி அனுப்பினால் மட்டும் போதாது, கால் வைக்க இடம் வேண்டும்.

அந்த இடம் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது. அரசுப் பள்ளி விளையாட்டுத் திடலைக் காலை ஐந்தரை முதல் ஏழு வரையும், மாலை ஆறு முதல் ஏழரை வரையும் பெண்களுக்காகத் திறந்துவிடப் பள்ளிக் கல்வித் துறையிடம் பேசுங்கள். இரண்டு விளக்கு, ஒரு குடம் தண்ணீர், சாவியை வைத்துக்கொள்ள ஒருவர்; செலவு இவ்வளவுதான். உங்கள் தன்னார்வலர்கள் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். குழுவாகச் சேர்ந்து வங்கிக்குப் போய்வரும் பெண்கள், குழுவாகச் சேர்ந்தே நடப்பார்கள். அப்போது ஊர் பார்க்கும் பார்வையும் தானாக மாறும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னபடி வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதை அங்கேயே சொல்லிக்கொடுக்கலாம். இதே திட்டத்தில் வீட்டுக்கு வரும் இயன்முறை மருத்துவர் மாதம் ஒருமுறை அந்தத் திடலுக்கு வந்தாலே போதும்.

முதல் கேள்வியின் பதில்கள் சேரச் சேர உங்கள் கையில் ஓர் அரிய பட்டியல் உருவாகும். எந்த மாவட்டத்தில் எந்தப் பொடி, எந்தக் கேப்சூல், எத்தனை பேர் வயிற்றுக்குள் போகிறது என்பது இன்று யாருக்கும் தெரியாது. கல்லீரல் பழுதாகி அரசு மருத்துவமனைக்கு வருகிறவர்களின் விவரத்தை அந்தப் பட்டியலோடு வைத்துப் பார்த்தால், எந்த டப்பாவை முதலில் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும். உணவுப் பாதுகாப்பு, மருந்து நிர்வாகம் ஆகிய இரண்டும் உங்கள் துறையின்கீழ்தானே இருக்கின்றன? நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய மருத்துவங்கள் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே நீரிழிவு இருக்கிறது. எங்கள் ஊர் உள்ளூர்த் தொலைக்காட்சியில் அந்த விளம்பரம் தினமும் காலையில் ஓடுகிறது. ஒரே ஒரு வழக்காவது பதிவானால் மற்றவை அடங்கும்.

லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்பது மத்திய விதி. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வரியும், 'சர்க்கரை மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்' என்ற வரியும் தமிழ்நாட்டில் விற்கும் ஒவ்வொரு டப்பாவிலும், முன்பக்கம், தமிழில் இருக்க வேண்டும் என்று மாநில அரசு மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் எழுத்துமூலம் கேட்க வேண்டும். அது நடக்கும்வரை, அதே இரண்டு வரிகளை அச்சிட்ட அட்டையை மருந்துக்கடைகளில் மாட்டிவைக்கச் சொல்லி ஒரு சுற்றறிக்கை போதும். முதல் ஆளாக நான் மாட்டுவேன்.

நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு; இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் விளிம்பில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின் கணக்கு இது. அந்த விளிம்பில் நிற்பவர்களுக்கு உங்கள் திட்டத்தில் மாத்திரை இல்லை, பெரும்பாலோருக்குத் தேவையும் இல்லை. நடைதான் அவர்களுக்குரிய மருந்து. கேப்சூல் வியாபாரிகள் குறிவைத்திருப்பதும் அவர்களைத்தான்.

காவிரிப் பாசன மாவட்டங்களில் ஏதேனும் ஒரே ஓர் ஒன்றியத்தைத் தேர்ந்தெடுத்து, வரும் பொங்கலுக்குப் பிறகு மூன்று மாதம் இந்த இரண்டு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். கேள்வித்தாள் தயாரிக்கவும், தன்னார்வலர்களுக்கு டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கச் சொல்லித்தரவும், எங்கள் வட்டார மருந்தாளுநர்கள் சிலர் ஊதியம் எதுவும் வாங்காமல் வரத் தயாராக இருக்கிறார்கள். கடைக்கு வந்த டப்பாக்களின் லேபிள்களைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். எந்த அலுவலகத்துக்கு, யார் பெயருக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் உடனே அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
காவிரிப் பாசனப் பகுதி மருந்தாளுநர் ஒருவர்